இரண்டு பக்கமும் ஒரே அளவு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதோடு சரி. போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, அதற்கு முந்தினதற்கும் போடவில்லை. பரவாயில்லை, இந்தத் தடவை வண்டி விஷயமாக எழுதுகிறேன். வண்டி விஷயம் என்றால் உன் கை சும்மா இருக்காது.

இங்கே குவாரிப் பாதையில் கல் அடிவயிற்றில் இடித்துக்கொண்டே இருந்ததால் ஜீப்பை நாலு விரல் உயரம் தூக்கினேன். முன்னும் பின்னும் கனமான ஸ்பிரிங் பட்டை போட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் வேகம் எடுத்தால் முன் ஆக்ஸிலுக்குப் போகிற ஷாஃப்ட் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. கியர் பெட்டி உயரே போய்விட்டது, ஆக்ஸில் கீழேயே நின்றுவிட்டது, நடுவில் ஷாஃப்ட் சாத்திவைத்த ஏணியாக நிற்கிறது. ஆக்ஸிலின் மூக்கைக் கொஞ்சம் மேலே பார்க்க வைத்தால் சரியாகும் என்று பட்டைக்கு அடியில் இரண்டு இரும்பு ஆப்பு செருகினேன். உதறல் நின்றது. நானும் மெக்கானிக்தான் என்று மார்தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் அடுத்த தலைவலி. ஸ்டியரிங் இப்போது சொன்ன பேச்சு கேட்பதில்லை. திருப்பினால் திருப்பின இடத்திலேயே நிற்கிறது, தானாக நேருக்கு வருவதில்லை. நேர் சாலையில் வண்டி அங்கேயும் இங்கேயும் அலைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன், "ஏம்ப்பா, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். நான் குடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு இங்கே குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறை, சமையல்கட்டிலேயே குழாய், ஜன்னலுக்கு வலை. கீழே டவுனில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கினால் நெடுக நேர் சாலை. குவாரிவரைக்கும் பஸ் கிடையாது, ஜீப்பில் நான்தான் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். உன்னிடம் விட்டுவைத்த என் பாப்பாவை ஏப்ரலில் என்னோடு அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதற்குள் இந்த ஆக்ஸிலைச் சரிபண்ணிக் கொடு. உன்னைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

யாரைக் கேட்டு வண்டியைத் தூக்கினாய்? அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் நான் முறுக்கியிருக்கிறேன். இத்தனை வருஷம் பட்டறையில் என் பக்கத்தில் நின்றாய். நின்றாய் என்பதுதான் சரியான வார்த்தை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் கொட்டாவி விடவும் நின்றாய்.

நன்றாகப் படித்துக்கொள், இரண்டாவது தடவை எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆக்ஸிலின் கூடு இருக்கிறதே, அந்த ஒரே ஹவுசிங்கில் இரண்டு கோணம் இருக்கிறது. ஒன்று நடுவில், ஷாஃப்ட் வந்து சேருகிற மூக்கு. இன்னொன்று இரண்டு முனையிலும், சக்கரம் திரும்புகிற கிங்பின். கிங்பினின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்மானம் இருந்தால்தான் கையை விட்டதும் சக்கரம் தானாக நேருக்கு வரும். நீ ஆப்பு வைத்து மூக்கைத் தூக்கினாய். மூக்கு மட்டுமா தூக்கும்? மொத்த ஹவுசிங்கும் உருண்டு, கிங்பினின் தலை முன்னால் வந்துவிட்டது. ஒன்றைச் சரிபண்ணி இன்னொன்றைக் கெடுத்திருக்கிறாய். உன் வாழ்க்கை முழுக்க அப்படித்தான்.

இதற்கு ஒரே வழி, முனையில் கிங்பினைத் தாங்குகிற நக்கிள் இரண்டையும் அறுத்து எடுப்பது. மூக்கை மேலே பார்த்தபடி விட்டுவிட்டு, நக்கிளை மட்டும் பின்னால் திருப்பி மறுபடி பற்றவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதை உன்னால் செய்ய முடியாது. ஹவுசிங்கைக் கழற்றி, கழுவி, லாரியில் ஏற்று. கழுவி என்றால் கழுவி. வண்டி தன் எடையில் சமதரையில் நிற்கும்போது மூக்கு எத்தனை டிகிரி மேலே பார்க்கிறது என்று அளந்து எழுது. ஜாக்கியில் தொங்கவிட்டு அளக்காதே. இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

பாப்பா பாப்பா என்கிறாயே, அந்த வாண்டு விஷயம். அவள் இங்கே நன்றாக இருக்கிறாள். ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறாள். அவளை உன்னிடம் கொடுப்பதா? உன் பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தபோது நீ இதே ஜீப்பில் யாருக்கோ அருவி காட்டப் போயிருந்தாய். நீ திரும்பி வந்தபோது வீட்டில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவனுக்கு இன்னொரு உயிர் எதற்கு?

ஆக்ஸிலை அனுப்பு. குழந்தையைக் கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

ஹவுசிங் லாரியில் வருகிறது. கழுவியிருக்கிறேன். எங்கள் கல்லை ஏற்றிக்கொண்டு உன் பக்கம் அடிக்கடி வருகிற லாரிதான், டிரைவர் நல்ல மனிதர், அவரிடம் எரிந்து விழாதே. குவாரி ஃபிட்டரிடம் டிகிரி கேஜ் வாங்கி அளந்தேன். மூக்கு எட்டு டிகிரி மேலே பார்க்க வேண்டும். சமதரையில், வண்டி தன் எடையில் நிற்கும்போது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அருவி காட்டப் போனேன் என்கிறாய். சவாரிக்குப் போனேன். போகாவிட்டால் அவளுக்கு மருந்து வாங்க வழியில்லை. இதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. உனக்கு நல்ல காது, ஆனால் அதை நீ எஞ்சின் சத்தம் கேட்க மட்டும்தான் வைத்திருக்கிறாய்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய், எனக்குத் தோல் தடித்துவிட்டது. ஆனால் பாப்பா என் பெண். நீ பெற்றவள் இல்லை. உன் வயிறு திறக்கவில்லை என்பதற்காக என் பிள்ளையை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அத்தான் ஏன் உன்னை விட்டுப் போனார் என்று தெருவெல்லாம் பேசினார்களே, அப்போது, "அதெல்லாம் இல்லைங்க, எங்க அக்கா வாய்தான் காரணம்" என்று சொல்லிச் சமாளித்தவன் நான். உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது பொய் என்று உனக்கும் தெரியும்.

எழுதினதை அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. நீ எழுதினதை நீ அடித்தாயா?

ஏப்ரலில் வருகிறேன்.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஹவுசிங் வந்து சேர்ந்தது. நன்றாகவே கழுவியிருந்தாய்.

வேலை முடிந்தது. பழைய வெல்டிங்கை அரைத்து எடுக்கத்தான் நேரம் பிடித்தது, அந்தக் காலத்து ஆள் யாரோ கஞ்சத்தனம் பார்க்காமல் பற்றவைத்திருக்கிறான். நக்கிள் இரண்டும் குழாயில் சுற்றுகிற அளவுக்கு விட்டதும், மூக்கை எட்டு டிகிரியில் பூட்டிவைத்து, நக்கிளைப் பின்னால் ஆறு டிகிரிக்குத் திருப்பினேன். நாலு இடத்தில் மட்டும் புள்ளியாகப் பற்றவைத்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் முழுசாகப் பற்றவைத்தேன். கனமான வார்ப்பு, திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். அதனால் முன்னதாகவே சூடேற்றி, முடித்ததும் மணலில் புதைத்து ஆறவிட்டேன். வாண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, "அத்தை, மணல்ல போட்டா முளைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முளைக்காது என்று சொல்ல மனசு வரவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் கிடையாது. நீ மாட்டினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம், அளக்கவும் வேண்டாம். நான் அளந்தது அளந்ததுதான்.

நீ எழுதின மற்ற விஷயத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீ அவளுக்குத் தகப்பன், வா, கூட்டிக்கொண்டு போ. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். அவளை ஏற்றுவதற்கு முன்னால் அந்த நேர் சாலையில் நீ தனியாக நன்றாக ஓட்டிப் பார். உனக்கே திருப்தியாக இருந்தால் வா. இல்லாவிட்டால் அவசரப்படாதே. பச்சைக் குழந்தை, தினம் போய்வர வேண்டிய தூரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அன்றைக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஒன்றுமே சொல்லாமல் விட்டாய் பார், அதுதான் தாங்கவில்லை.

ஆக்ஸிலை மாட்டிவிட்டேன். உன் வெல்டிங்கை இங்கே எல்லோரும் வந்து தடவிப் பார்க்கிறார்கள். ஃபோர்மேன், "இது கையால பண்ணதா, மிஷின்ல பண்ணதா?" என்றார். எங்க அக்கா என்றேன். நம்பவில்லை. ஷாஃப்ட் உதறல் சுத்தமாகப் போய்விட்டது. மலைப்பாதையில் ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி லேசாக இருக்கிறது.

ஆனால் அக்கா, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேர் சாலைக்கு இறங்கினால் வண்டி இன்னும் அலைகிறது. முன்னைவிட அதிகமாக அலைகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. ஐம்பதில் போகும்போது எதிரே லாரி வந்தால் என் கை வேர்க்கிறது. நேற்று ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக ஓடிப்போய் அங்கேயே நின்றுகொண்டது. இழுத்துப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மாட்டும்போது நான்தான் எங்கேயோ சொதப்பியிருக்கிறேன். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டையின் நடு போல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறது, யூ போல்ட்டை இரண்டு தடவை இறுக்கிவிட்டேன்.

குவாரி ஃபிட்டர் கேஜை எடுத்துக்கொண்டு வந்து, "நக்கிள் கோணத்தை ஒருவாட்டி பாத்துடலாமா?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எங்க அக்கா திருப்பி வச்சது அது. அதுல கேஜ் வைக்கிற வேலை வேணாம்" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் போய்விட்டார். அப்புறம் பேசவே இல்லை.

என்ன பண்ணட்டும், சொல். இந்த வண்டியில் பாப்பாவை ஏற்ற எனக்குப் பயமாக இருக்கிறது. ஏப்ரலில் வருவதைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறேன். அவளிடம் நான் வருவதாக இன்னும் சொல்லவில்லை என்றால், இப்போதைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது யார் அவள் முகத்தைப் பார்ப்பது? நீ வரமாட்டாய் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

ஆக்ஸிலில் குற்றம் இல்லை. உன் ஃபிட்டரை விரட்டினது நீ வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம். வண்டி அலைகிறது என்றால் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஸ்டியரிங் பெட்டியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார். டை ராடு முனைகளை மாற்று. பட்டைப் புஷ் எல்லாவற்றையும் புதிதாகப் போடு. சக்கர பேரிங்கை இறுக்கு. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு எழுது. உனக்கு அதற்கு மழைக்காலம் வரைக்கும் ஆகும்.

அதெல்லாம் செய்தும் அலைந்தால் குற்றம் வண்டியில் இல்லை, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையில் இருக்கிறது. நீ எப்போதுமே பயந்தாங்கொள்ளி. சைக்கிள் கற்றுக்கொண்டபோது நான் பின்னால் பிடித்திருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, சுவரில் போய் மோதினவன். அந்தச் சுவர் உன்னைத் தேடி வரவில்லை. உயரமான வண்டியை ஓட்டுவதற்கு நெஞ்சில் கொஞ்சம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாதவன் பேசாமல் லாரியில் பின்னால் ஏறிப் போக வேண்டியதுதான்.

ஒரு குழந்தையை வளர்ப்பதும் அப்படித்தான். கை நடுங்கினால் கொடுக்க முடியாது. அவளை இங்கேயே அடுத்த வகுப்பில் சேர்த்துவிட்டேன். புதுச் சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று. நீ வண்டியைச் சரிபண்ணிக்கொண்டே இரு. அவள் வளர்ந்துவிடுவாள்.

அக்கா


ஏப்ரல் 6, பட்டறை வாசலில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ பழைய இரும்பு எடுக்கப் போகிற கிழமையாகப் பார்த்துத்தான் வந்தேன். நீ இருக்கும்போது வந்தால் என்னால் வாயைத் திறக்க முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ சொன்னது எல்லாவற்றையும் செய்தேன். புஷ், பேரிங், டை ராடு, டயர், ஒன்று விடவில்லை. அப்படியும் அலைந்தது. சரி, அக்கா சொன்னதுதான் உண்மை, குற்றம் என் கையில்தான் என்று தெரிந்துகொண்டேன். உன் வேலையில் குற்றம் இருக்காது, அப்போது மிச்சம் இருப்பது நான்தானே. இன்றைக்கு நேர் சாலை முழுக்க அறுபதில் வந்தேன். அலைந்தது. அலையட்டும் என்று விட்டேன். பயப்படாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன், வந்து சேர்ந்துவிட்டேன். நீ திட்டினது நல்லதுக்குத்தான்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்துவிட்டேன். டீச்சருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வெளியே ஜீப்பில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள், உனக்குக் கேட்காது. இருட்டுவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும், வேகமாகத்தான் ஓட்டப் போகிறேன். துணிமணி எதையும் எடுக்கவில்லை. புதுச் சீருடை அங்கே ஆகாது.

என் மேல் கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

தம்பி


ஏப்ரல் 6, சாயங்காலம்

தம்பி,

இது உன் கைக்குக் கிடைத்த இடத்திலேயே வண்டியை நிறுத்து. அப்புறம் மிச்சத்தைப் படி.

ஆறு டிகிரி பின்னால் என்று எழுதினேன். பொய். இரண்டு டிகிரி முன்னால் திருப்பி வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். முப்பதுக்குள் ஒன்றும் தெரியாது, மலையில் லேசாகத்தான் இருக்கும். நேர் சாலையில் வேகம் எடுத்தால் வண்டி உன் கையில் நிற்காது. நீ பயந்துபோய் அவளை ஏற்றவே மாட்டாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். நீ என் பேச்சைக் கேட்டுத் துணிந்து ஏறுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. எந்த ஜன்மத்தில் நீ துணிந்திருக்கிறாய்?

உன் கையில் குற்றம் இல்லை. உன் கையில் குற்றமே இல்லை, கேட்கிறதா? நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய்.

திரும்பி வந்து உன் காகிதத்தைப் பார்த்ததும் சாலைவரைக்கும் ஓடினேன். டயர் கடைக்காரர் நீ போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார். போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போய் நின்றேன். "என்னம்மா?" என்று கேட்டான் ஒருவன். என்னவென்று சொல்ல? திரும்பி வந்துவிட்டேன். கல் லாரி இப்போது கிளம்புகிறது. இதை டிரைவரிடம் கொடுக்கிறேன், வழியில் ஜீப்பைப் பார்த்தால் குறுக்கே நிறுத்திக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் உன் குவார்ட்டர்ஸில் கொடுப்பார். அப்படி அங்கே கொடுக்கிற மாதிரி இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக அதைப் படிக்க வேண்டும்.

வாண்டுவை முன் சீட்டில் உட்கார வைக்காதே. பின்னால், நடுவில். அவள் கேட்க மாட்டாள், அடம் பிடிப்பாள், ஒரு அதட்டுப் போட்டு உட்கார வை.

நீ அன்றைக்கு அந்த வார்த்தை எழுதாமல் இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். இல்லை, அப்படியும் செய்திருப்பேன். அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் என்ன பண்ணுவேன்? என்னை என்ன வேண்டுமானாலும் செய். மெதுவாகப் போ. மெதுவாகப் போ.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து கதவிடுக்கில் காத்திருந்தது. லாரி பெரிய சாலையில் போய்விட்டது, நாங்கள் பழைய சாலையில் வந்தோம், அதனால் வழியில் பார்த்துக்கொள்ளவில்லை.

நேர் சாலைக்கு வந்ததும் அறுபதில்தான் போனேன். பாப்பா முன் சீட்டில்தான் இருந்தாள். எதிரே ஒரு பஸ் வந்தது, ஒதுங்குவதற்காகத் திருப்பினேன், ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. சாலையை விட்டு இறங்கி, ஒரு மைல்கல்லைத் தாண்டி, முள்ளில் போய் நின்றோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான்தான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். பாப்பா என் முதுகைத் தட்டி, "பயப்படாதப்பா, அத்தை செஞ்ச வண்டிதானே, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அதற்கப்புறம் மாட்டுவண்டி வேகத்தில்தான் வந்தேன். ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியிலேயே படுத்துக்கொண்டோம். அவள் தூங்கினபிறகு எனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் கையால் ஆகாது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, லாரியில் ஏற்றி உங்களிடமே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். உங்கள் காலில் விழுந்து, நீங்கள் சொன்னதுதான் சரி, நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தபோது உங்கள் கடிதம் காலில் தட்டுப்பட்டது.

ஃபிட்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டுக் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு டிகிரி முன்னால். வலது பக்கமும் இரண்டு, இடது பக்கமும் இரண்டு. அவர் மூன்று தடவை வைத்துப் பார்த்தார். "தப்பாப் பண்ணியிருந்தா ஒரு பக்கமாவது வேற மாதிரி இருக்கும்பா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஹவுசிங்கைக் கழற்ற ஆரம்பித்தார். அறுத்துத் திருப்பி வைத்தாயிற்று. அவருடைய வெல்டிங் பார்க்கச் சகிக்காது, கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஆனால் இப்போது கையை விட்டாலும் வண்டி நேராகப் போகிறது. எண்பதிலும் என் கை வேர்ப்பதில்லை. தினமும் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறேன்.

நீங்கள் அந்தக் கடிதத்தை அவள்மேல் இருக்கிற பாசத்தில்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் நான் எங்கேயும் புகார் கொடுக்கவில்லை. எழுதாமல் மட்டும் இருந்திருந்தால் அவள் இந்நேரம் உங்களிடம் இருந்திருப்பாள். இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனிமேல் நீங்கள் இங்கே வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். லாரி டிரைவரிடமும் சொல்லிவிட்டேன்.

வந்த புதிதில் பாப்பா ராத்திரியானால் உங்களைக் கேட்டு அழுதாள். "அத்தைக்கு உன்னை வச்சுப் பாத்துக்க முடியலையாம்மா, அவங்கதான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்று சொன்னேன். "நான் சேட்டை பண்ணதாலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது உங்களைப் பற்றிக் கேட்பதில்லை.

தம்பி